சீசருக்கு ஊக்கு குத்தாமல் இருக்க: ரோமானியத் தோகா வெட்டும் முறையும் கட்டும் முறையும்

முதன்முதலாக நான் உடுத்தி மேடைக்கு அனுப்பிய ஜூலியஸ் சீசர், செத்து விழுந்த பிறகு "ஐயோ அம்மா" என்று கத்தினான். புரூட்டஸ் குத்தியதால் அல்ல. தோளில் நான் மாட்டியிருந்த ஊக்கு, விழுந்த வேகத்தில் திறந்து விலாவில் ஏறிவிட்டது. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்: "ரோமாபுரி சபை என்றார்கள், எல்லோரும் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர்கள் மாதிரி அல்லவா நிற்கிறார்கள்."

பாட்டி சொன்னதில் தவறில்லை. நான் கொடுத்தது எட்டுப் படுக்கை விரிப்புகள், இரண்டு டஜன் ஊக்குகள். திண்டுக்கல்லில் சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். கல்லூரி நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பது பக்க வேலை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ரோமானியச் சிலைகளின் படங்களை முன்னும் பின்னுமாகப் பார்த்தேன். என் கணவரை நடுவீட்டில் நிறுத்திக் கட்டிக் கட்டி அவிழ்த்தேன். இப்போது ஊக்கே இல்லாமல் ஒரு சீசரைப் பத்து நிமிடத்தில் உடுத்திவிடுவேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரோமானியர்கள் உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்ட மேலாடையான தோகா, நாற்கோணத் துணி அல்ல. அதற்கு ஒரு பெரிய வளைந்த ஓரம் உண்டு. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவிந்திலியன், தோகா உருண்டையாகவும் சரியாக வெட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல வகையில் அலங்கோலமாகிவிடும் என்கிறார். நாற்கோண மேலாடை கிரேக்கர்களுடையது. ரோமானியர்கள் அதைப் பல்லியம் என்றார்கள். ஆக, படுக்கை விரிப்பைக் கட்டிய என் எட்டுப் பேரும் ரோமானியர்களே அல்லர், கிரேக்கர்கள்! இது சின்ன விஷயமும் அல்ல. தோகா ரோமானியக் குடிமகனின் உடை. அடிமைக்கும் அந்நியனுக்கும் அது கிடையாது. ஒருவன் உண்மையிலேயே குடிமகன்தானா என்ற வழக்கு பேரரசர் கிளாடியஸ் முன் வந்தபோது, அவன் தோகாவில் நிற்பதா பல்லியத்தில் நிற்பதா என்று வழக்கறிஞர்கள் சண்டை போட்டார்கள். எதிர்த்தரப்பு பேசும்போது பல்லியம், அவன் தரப்பு பேசும்போது தோகா என்று மாற்றி மாற்றி உடுத்தச் சொன்னார் கிளாடியஸ். உடுத்திவிட்டவர் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி துணி. அசல் தோகா கம்பளி. சாயமேற்றாத ஆட்டு ரோமத்தின் பழுப்பு கலந்த வெள்ளை. நம் ஊர் வெயிலில் கம்பளி வேண்டாம். அவர்களே அதில் வியர்த்து அலுத்துக்கொண்டவர்கள்தாம். கவிஞர் மார்ஷல் ரோமில் பல ஆண்டுகள், விடியற்காலையில் தோகாவைச் சுற்றிக்கொண்டு பணக்காரர்களின் வாசலில் வணக்கம் சொல்லப் போய் நொந்தவர். கடைசியில் சொந்த நாடான ஸ்பெயினுக்குத் திரும்பி, இங்கே தோகா என்றால் என்னவென்றே தெரியாது, உடை கேட்டால் பக்கத்து உடைந்த நாற்காலியில் கிடப்பதை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதினார். நமக்குக் கனமான காடாத் துணி போதும். வெளுக்காத அதன் நிறம் கம்பளி நிறத்துக்கு நெருங்கியது. பாலியெஸ்டரை மட்டும் தொடாதீர்கள். அது தோளில் நிற்காது; வழுக்கும்; விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். கடையில் படுக்கை விரிப்புக்கென்றே 90 அங்குல அகலப் பன்னாவில் காடா கிடைக்கும். ஒரு தோகாவுக்கு 5 மீட்டர் 20 சென்டிமீட்டர் வாங்குங்கள். வாங்கியதும் ஒரு முறை நனைத்துக் காயப்போட்டுக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி போன துணிதான் மடிப்பு மடிப்பாக விழும். விறைப்பாக இருந்தால் நடிகர் கூடாரத்துக்குள் நிற்பது போல இருப்பார்.

பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. தேர்தலில் நிற்பவர்கள் மட்டும் தோகாவில் சுண்ணப்பொடி தேய்த்து வெண்மையாக்கிக்கொண்டு வாக்குக் கேட்டு வந்தார்கள். லத்தீனில் அந்த வெண்மைக்கு கான்டிடுஸ் என்று பெயர். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததுதான். சபையில் எல்லோரும் வெள்ளை வெளேரென்று இருந்தால் அத்தனை பேரும் தேர்தலில் நிற்கிறார்கள் என்று பொருள்.

இந்த அளவுகள் ஐந்தடி ஆறங்குல உயரக்காரருக்கு, அதாவது என் கணவருக்கு. உயரமானவருக்கு எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள். மொட்டை மாடியையோ கூடத்தையோ பெருக்கித் துணியை விரித்து, நீளம் பாதியாகும்படி இரண்டாக மடியுங்கள். ஒரு கரையிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி, நீளம் முழுவதும் ஒரு நேர்க்கோடு போடுங்கள். இதுதான் மடிக்கோடு. நடு மடிப்பிலிருந்து இந்தக் கோட்டின் மேல் 50, 100, 150, 200, 250 சென்டிமீட்டரில் புள்ளி வையுங்கள். 250தான் முனை. இனிப் பெரிய பக்கம்: நடுவில் கோட்டிலிருந்து 150 சென்டிமீட்டர் ஆழம், அடுத்தடுத்த புள்ளிகளில் 145, 132, 107, 67, முனையில் பூஜ்யம். சிறிய பக்கம்: நடுவில் 60, பிறகு 58, 51, 39, 22, பூஜ்யம். சுண்ணக்கட்டியால் புள்ளிகளை வளைவாகச் சேர்த்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்கள். விரித்தால், ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் மெலிந்த மாங்கொட்டை மாதிரி ஒரு வடிவம் வரும். ஓரத்தை மெல்லியதாக மடித்துத் தையுங்கள். என் முதல் வெட்டில் புள்ளிகளை நேர்கோடுகளால் சேர்த்துவிட்டேன். பின்பக்கம் மேடும் பள்ளமுமாகப் பிசிறியது. வளைவு வளைவாகவே இருக்க வேண்டும்.

உள்ளே போடும் தூனிகா சுலபம். முழங்கால் வரை வரும் இரண்டு நாற்கோணங்கள். தோளிலும் பக்கத்திலும் தைத்து, இடுப்பில் கச்சை. சபையினருக்கு இரு தோளிலிருந்தும் செங்குத்தாக இறங்கும் அகலமான பட்டை, அடுத்த தரமான குதிரைவீரர் வகுப்புக்குக் குறுகிய பட்டை. பட்டைக்கு நிறம் எடுக்கும்போது கத்திரிப்பூ நிறத்துக்குப் போகாதீர்கள். கடற்சங்கிலிருந்து எடுத்த ரோமானிய ஊதாச் சாயத்தின் மிகச் சிறந்த நிறம், உறைந்த இரத்தம் போலக் கருமை கலந்தது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. நம் ஜவுளிக்கடைக்காரரிடம் "அடர்ந்த அரக்கு" என்று கேளுங்கள். சரியாக எடுத்துக் கொடுப்பார். சீசருடைய தூனிகாவுக்கு மட்டும் மணிக்கட்டு வரை கையும், கையின் நுனியில் குஞ்சமும் வையுங்கள். கச்சையைத் தளர்த்தியே கட்டுங்கள். அவர் அப்படித்தான் உடுத்தினார். "கச்சை ஒழுங்காகக் கட்டாத அந்தப் பையனிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்று சீசரின் இளமையில் ரோமை ஆண்ட சுல்லா அடிக்கடி சொன்னது அவரைத்தான்.

இப்போது கட்டும் முறை. தோகாவைத் தனியாகக் கட்டிக்கொள்ள முயல வேண்டாம். வசதியுள்ள ரோமானியர் அதற்கென்றே அடிமை வைத்திருந்தார். கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், முதல் நாளே ஒருவர் மடிப்புகளை உருவாக்கி, இடுக்கி போட்டுக் காவல் வைக்க வேண்டியிருக்கிறதே என்று தோகாவைக் கிண்டல் செய்கிறார். நானும் முதல் நாள் இரவே கொசுவம் எடுத்து, துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுகிறேன். பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

மடிக்கோட்டில் சிறிய பக்கத்தைப் பெரிய பக்கத்தின் மேல் வெளிப்புறமாக மடித்துப் போடுங்கள். நடிகரின் பின்னால் நில்லுங்கள். மடிக்கோடு கழுத்துப் பக்கமும் வளைவு வெளிப்பக்கமும் இருக்கும்படி, ஒரு முனையை அவருடைய இடது தோளின் மேல் முன்னால் தள்ளுங்கள். முனை இரண்டு பாதங்களுக்கு நடுவே, தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க வேண்டும். இடது கை முழுவதும் துணிக்குள் மறைந்துவிடும், அது அப்படித்தான். மீதித் துணியை முதுகின் குறுக்கே கொண்டுவந்து வலது அக்குளுக்குக் கீழே எடுங்கள். வலது கை வெளியே இருக்கட்டும். இந்த இடத்தில் மடிக்கோட்டை ஆறேழு கொசுவமாகச் சேர்த்துப் பிடித்து, மார்பின் குறுக்கே சாய்வாகக் கொண்டுபோய், மறுபடி இடது தோளின் மேல் போட்டுப் பின்னால் விடுங்கள். நம் சேலை முந்தானை போகும் அதே திசை என்பதால் சேலை கட்டத் தெரிந்தவர்களுக்கு இது உடனே கைவரும். ஆண் உதவியாளர்களுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்பின் குறுக்கே போகும் அந்தச் சாய்வு வாரைப் பற்றிக் குவிந்திலியன் சொன்னதே போதும்: நெரிக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. உங்கள் நான்கு விரல்கள் உள்ளே போனால் சரி. கீழ் ஓரம் முன்னால் கெண்டைக்காலின் பாதியில் நிற்க வேண்டும், பின்னால் கொஞ்சம் மேலே.

வலது இடுப்பிலிருந்து முழங்கால் பக்கம் ஒரு வளைவு தொங்குகிறதே, மேலே மடித்துப் போட்ட சிறிய பக்கம், அதற்கு லத்தீனில் ஸீனுஸ். தமிழில் யோசிக்கவே வேண்டாம், அது மடி. நாம் மடியில் முறுக்கும் சில்லறையும் கட்டிக்கொள்வது போல அவர்களும் அதில் பொருள் வைத்துக்கொண்டார்கள். கி.மு. 218இல் ரோமிலிருந்து கார்த்தேஜ் சபைக்குத் தூது போன ஃபேபியஸ், தோகாவை மடியாகச் சேர்த்துப் பிடித்து, "இதில் உங்களுக்குப் போரும் இருக்கிறது, சமாதானமும் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று அவர்கள் பதிலுக்குக் கத்த, மடியை உதறிவிட்டு, போரைக் கொடுத்தேன் என்றார். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலோடு நடந்த பதினேழு ஆண்டுப் போர் ஒரு மடியிலிருந்து விழுந்தது. அந்தத் தூதரை நாடகத்தில் காட்டுவதானால், அவருக்கு இந்த மடியை இவ்வளவு பெரிதாக வைக்காதீர்கள். பழங்காலத்தில் மடி இல்லை, பிறகு மிகச் சிறிதாக வந்தது என்று குவிந்திலியனே சொல்கிறார். ஃபேபியஸ் கையால்தான் துணியைச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். சீசர் காலத்துக்கும் சிறிய பக்கத்தை 60க்குப் பதிலாக 35 சென்டிமீட்டர் நடு ஆழத்தோடு வெட்டுகிறேன். மற்றப் புள்ளிகளும் அதே விகிதத்தில் குறையும்.

சீசருக்குப் பின் வந்த முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ஆட்களானால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. முதலில் முன்னால் தொங்கவிட்ட முனை இப்போது சாய்வு வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பிடியை வாருக்கு மேலே உருவி, தொப்புளுக்கு மேல் சிறு பையாகத் தொங்கவிடுங்கள். இதற்கு உம்போ, கேடயக் குமிழ், என்று பெயர். அழகுக்கு மட்டுமல்ல, கீழே முனை உயர்ந்து காலில் மாட்டாமல் இருக்கவும், எல்லா அடுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் இது உதவும். சீசர் நாடகத்தில் குமிழ் வேண்டாம். முனையை மட்டும் ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

ஊக்கு எங்கே என்று கேட்பீர்கள். கிடையாது. வளைத்து மடக்கிய இடது முழங்கைதான் ஊக்கு. அதை இறக்கினால் எல்லாம் இறங்கும். அதனால் தோகா கட்டியவரால் மூட்டை தூக்க முடியாது, ஓட முடியாது, ஏர் பிடிக்கவும் முடியாது. ரோமைக் காப்பாற்றச் சர்வாதிகாரியாக வரும்படி, ஏர் உழுதுகொண்டிருந்த கின்கின்னாட்டஸை அழைக்கத் தூதர்கள் வயலுக்கு வந்தபோது, அவர் வியர்வையைத் துடைத்து, மனைவி ரசீலியாவிடம் குடிசையிலிருந்து தோகாவை எடுத்துவரச் சொல்லி, உடுத்திய பிறகுதான் செய்தியைக் கேட்டார். வேலை செய்யாதவன் நான் என்று ஊருக்குச் சொல்லும் உடை இது. அதனாலேயே மக்கள் அதைத் தவிர்க்கப் பார்த்தார்கள். அகஸ்டஸ் ஒரு கூட்டத்தில் எல்லோரும் கறுத்த போர்வையில் நிற்பதைக் கண்டு, "இதோ பாருங்கள், உலகின் தலைவர்கள், தோகா அணிந்த இனம்" என்ற கவிஞர் வெர்ஜிலின் வரியை எரிச்சலோடு சொல்லி, இனித் தோகா இல்லாமல் யாரும் நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் நிற்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். இத்தாலியின் பெரும்பகுதியில் செத்தால்தான் தோகா கட்டுகிறார்கள் என்று பிற்காலத்தில் கவிஞர் ஜுவெனல் எழுதினார். உத்தரவு எவ்வளவு தூரம் எடுபட்டது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஒத்திகையில் நடிகர்கள் குறைந்தது மூன்று நாள் இதைக் கட்டியபடியே நடக்க வேண்டும். மெதுவாக, முழங்காலால் துணியைத் தள்ளி. வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டும் பையன்களுக்கு, அந்தக் கையையும் துணிக்குள் வைத்து விரல்கள் மட்டும் வாரைப் பிடித்திருக்கும்படி சொல்லுங்கள். பழைய காலப் பேச்சாளர்கள் அப்படித்தான் நின்றார்கள். சீசரின் பிணத்தருகே அவர் நண்பர் ஆன்டனி பேசும் இரங்கலுரைக்கு ஒரு நல்ல குறிப்பும் குவிந்திலியனிடம் இருக்கிறது: பேச்சின் தொடக்கத்தில் தோகா நழுவினால் சரிசெய்யாமல் விடுவது அலட்சியம், முடிவை நெருங்கும்போது வியர்வையும் கலைந்த உடையும் நழுவும் தோகாவும் பேச்சுக்கு நல்லதே. ஆன்டனியாக நடிப்பவரிடம் இதைச் சொல்லிவிட்டால், கட்டு அவிழ்ந்தாலும் பயப்பட மாட்டார்.

எதிர்த் துருவம் ஹொர்தென்ஸியஸ். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் காலத்தில் பெரிய வழக்கறிஞர். கண்ணாடி முன் நின்று மடிப்பு மடிப்பாக அடுக்குவார். ஒரு குறுகிய வழியில் சக வழக்கறிஞர் இடித்து மடிப்பைக் கலைத்துவிட்டதற்காக அவர் மேல் வழக்கே போட்டாராம். மேடையேறும் நேரத்தில் யாராவது என் கொசுவத்தைக் கலைத்தால் அவர் நினைவுதான் எனக்கு வரும்.

யாருக்கு என்ன என்பதில் பெரும்பாலான நாடகங்கள் தவறு செய்கின்றன. கி.மு. 44 மார்ச்சில் ஆன்டனி கான்சல், அதாவது ரோமின் தலைமை அதிகாரி; கொலைச் சதியின் தலைவர்களான புரூட்டஸும் காசியஸும் அதற்கு அடுத்த நிலை அதிகாரிகளான பிரீட்டர்கள். பதவியில் இருக்கும் மூவருக்கும் கரை வைத்த தோகா வேண்டும். அதன் பெயர் பிரீடெக்ஸ்டா. நான் வளைந்த ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு அரக்குத் துணி தைக்கிறேன், பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. சிசரோவுக்கு அப்போது பதவி இல்லை, வெறும் தோகா. சீசருக்கு முழு அரக்குத் தோகா கொடுக்கலாம். கொலைக்கு ஒரு மாதம் முன் லுப்பர்காலியா விழாவில் அவர் பொன் இருக்கையில் அப்படி உட்கார்ந்திருந்ததைச் சிசரோவே சொல்கிறார். வீட்டுச் சிறுவர்கள் வந்தால் அவர்களுக்கும் கரை வைத்த தோகாதான், கழுத்தில் தாயத்தோடு. வயது வந்த பிறகே, பெரும்பாலும் மார்ச் 17 லிபராலியா விழாவில், தாயத்தைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்கு வைத்துவிட்டு வெறும் தோகாவுக்கு மாறினார்கள். சீசரின் மனைவி கல்பூர்னியாவுக்குத் தோகா கட்டிவிடாதீர்கள். தோகா கட்டிய பெண் என்றால் ரோமில் வசைச்சொல். அவளுக்கு நீண்ட அங்கியான ஸ்டோலாவும் மேலே போர்க்கும் பல்லாவும்.

காலில் மூடிய காலணி. கைக்கடிகாரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். மீசையும்! சீசர் காலத்துப் பெரிய மனிதர்கள் மழமழவென்று மழித்திருந்தார்கள். தாடியை வழக்கமாக்கிய பேரரசர் ஹேட்ரியன் வந்தது கி.பி. 117இல்தான். இதுவரை எந்தப் புரூட்டஸும் எனக்காக மீசையை எடுத்ததில்லை.

அழுக்கானால் சாதாரணமாகத் துவைத்துக்கொள்ளுங்கள். ரோமில் சலவைக்காரர்கள் பழைய சிறுநீரில் போட்டு மிதித்து, மண் தேய்த்து, கூடைச் சட்டத்தில் விரித்துக் கந்தகப் புகை பிடித்து வெளுத்தார்கள். பாம்பெய் நகரில் ஒரு சலவைக்கூடத்தின் தூணில் ஓர் ஆள் அந்தச் சட்டத்தைத் தலைமேல் சுமந்து போகும் ஓவியம் இருந்தது. சட்டத்தின் உச்சியில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கும். அந்தச் சிறுநீருக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டதும், முகம் சுளித்த மகனின் மூக்கருகே காசைப் பிடித்து நாறுகிறதா என்று கேட்டதும் பலருக்குத் தெரிந்த கதை.

கடைசியாகச் சாவு. சீசர் குத்துப்பட்டுச் சும்மா சாய்ந்துவிடவில்லை. எல்லாப் பக்கமும் கத்திகளைக் கண்டதும் தோகாவால் தலையை மூடிக்கொண்டு, இடது கையால் மடியைப் பாதம் வரை இழுத்துவிட்டார், விழும்போது கால் தெரியாமல் இருக்க. 23 காயங்களோடு தன் பழைய எதிரியான தளபதி பாம்பேயின் சிலையடியில் விழுந்தார். இந்த அசைவைத் தனியாகப் பத்து முறை ஒத்திகை பாருங்கள். வலது கை கழுத்துக்குப் பின்னால் இருக்கும் துணியைத் தலைக்கு ஏற்ற வேண்டும், அதே நொடியில் இடது முழங்கை தளர்ந்து கை மடிக்குப் போக வேண்டும். முழங்கை தளர்ந்ததும் கட்டு தானாகக் குலைந்து, துணி முழுவதும் அவர் மேல் விழுந்து மூடும். முதல் தடவை இது சரியாக வந்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

இன்னொரு தோகாவைக் கிழித்து, அரக்குச் சாயம் தெளித்துத் தயாராக வைத்திருங்கள். இரங்கல் காட்சியில் ஆன்டனி அதை ஈட்டி முனையில் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டிக் காட்ட வேண்டும். நாடகம் முடிந்ததும் அதைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் போடுங்கள். அடுத்த ஆண்டுவிழாவுக்கும் யாராவது சீசரைக் கொல்லத்தான் போகிறார்கள்.